ஒரே வரியில் 4,000 ஃபைல்களுக்குப் பெயர் மாற்றலாம்... ஆனால், என்டர் தட்டும் முன் இதைப் படிங்க!

கல்யாண ஆல்பம், லாரி ஆவணங்கள், ஸ்கேன் செய்த பழைய புத்தகம். மூன்றுக்கும் தலைவலி ஒன்றுதான்: ஃபைல் பெயர். கமாண்ட் லைன் அதை நொடியில் தீர்க்கும். தப்பா அடிச்சா, நொடியில் அழிக்கவும் செய்யும்.

சேலம் ஐந்து ரோடு பக்கம் இருக்கும் ஒரு போட்டோ ஸ்டுடியோவை நினைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நாள் முடிந்து இரண்டு கேமராவில் இருந்து 4,000 படங்கள் கம்ப்யூட்டருக்கு வருகின்றன. எல்லாப் பெயரும் 'ஐஎம்ஜி' என்று தொடங்கி ஒரு நான்கு இலக்க எண்ணில் முடியும். எது நிச்சயதார்த்தம், எது முகூர்த்தம், எது பந்தி என்று பெயரைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

நாமக்கல் லாரி ஆபீஸிலும் இதே கதைதான். ஆர்சி, இன்ஷூரன்ஸ், பெர்மிட், எஃப்சி என்று ஒவ்வொரு வண்டிக்கும் ஸ்கேன் எடுத்துவைத்தால், 'ஸ்கேன்0001', 'ஸ்கேன்0002' என்று வரிசையாக விழும். செக்போஸ்ட்டில் நிற்கும் டிரைவர் போன் செய்து பேப்பர் கேட்கும்போதுதான் தேடல் ஆரம்பமாகும்.

ரைட் கிளிக், ரீநேம், பெயரை அடி, என்டர் தட்டு. ஒரு ஃபைலுக்கு 10 நொடி என்று வைத்தாலும் 4,000 படத்துக்கு 11 மணி நேரம் தாண்டிவிடும். இதையே கமாண்ட் லைனில் ஒரு வரியில் முடிக்கலாம். அது எப்படி, எங்கே கவனம் தேவை?

கமாண்ட் லைன் ஏன் இவ்வளவு வேகம்?

மவுஸ் இல்லாமல், எழுத்தாலேயே கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் இடம்தான் கமாண்ட் லைன். விண்டோஸில் ஃபோல்டரைத் திறந்து, மேலே முகவரி இருக்கும் பட்டையில் 'சிஎம்டி' என்று ஆங்கில எழுத்தில் அடித்து என்டர் தட்டினால் அந்தக் கறுப்புத் திரை வந்துவிடும். லினக்ஸிலும் மேக்கிலும் இதற்கு டெர்மினல் என்று பெயர். ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் என்ற ஆப் இதே வேலையைச் செய்கிறது.

பெயரை மாற்றும்போது படத்தின் உள்ளே ஒரு புள்ளிகூட மாறுவதில்லை. வீட்டை விட்டுவிட்டு வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றுவது மாதிரி. அதனால்தான் 50 ஜிபி படங்கள் இருந்தாலும் வேலை சில நொடியில் முடிகிறது. இதே காரணத்தால், ஐபோன் எடுக்கும் 'ஹெய்க்' படத்தின் கடைசி மூன்று நான்கு எழுத்தை மட்டும் 'ஜேபெக்' என்று மாற்றினால் அது ஜேபெக் ஆகிவிடாது. பலகைதான் மாறும். வீடு அதேதான்.

'சேலம்' என்பது மூன்று எழுத்தா, ஐந்தா?

விண்டோஸில் பெயர் மாற்றும் கட்டளை 'ரென்'. ரீநேம் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துகள். டாஸ் காலத்தில் இருந்து வருகிறது. முதலில் ரென், ஒரு இடைவெளி, பழைய பெயர், இன்னொரு இடைவெளி, புதிய பெயர். அவ்வளவுதான். பல ஃபைல்களை ஒரே நேரத்தில் பிடிக்க * என்ற நட்சத்திரக் குறி உதவும். 'இதற்குப் பிறகு எது இருந்தாலும் சரி' என்று அதற்கு அர்த்தம்.

இங்கேதான் முதல் பொறி. 'ஐஎம்ஜி*' என்பதை 'சேலம்*' என்று மாற்றச் சொன்னால், 'ஐஎம்ஜி' போய் அந்த இடத்தில் 'சேலம்' வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் ரென் அப்படி யோசிப்பதில்லை. அது எழுத்து எழுத்தாக, இடம் பார்த்து மாற்றும்.

கேமரா கொடுத்த பெயரில் மொத்தம் 8 இடங்கள்: ஆங்கிலத்தில் ஐ, எம், ஜி என 3, ஒரு அடிக்கோடு, 4 இலக்கம். 'சேலம்' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது ஐந்து: ச, ஏகாரக் கொம்பு, ல, ம, புள்ளி. ஆக, முதல் ஐந்து இடங்களை 'சேலம்' விழுங்கிவிடும். அடிக்கோடும் முதல் இலக்கமும் காலி. 0001 என்ற படம் 'சேலம்001' ஆகும். 1001 என்ற படமும் 'சேலம்001' ஆகத்தான் பார்க்கும்!

நல்ல வேளை, ஏற்கெனவே இருக்கும் பெயரை இன்னொரு ஃபைலுக்கு வைக்க ரென் ஒத்துக்கொள்ளாது. பிழைச் செய்தி காட்டும். படம் எதுவும் அழியாது. ஆனால், பாதி மாறி, பாதி மாறாமல் ஃபோல்டர் குழம்பிக் கிடக்கும்.

இதற்கு விண்டோஸிலேயே இருக்கும் பவர்ஷெல் நல்ல மாற்று. அதில் ஒரு சொல்லைக் கண்டுபிடித்து, அந்தச் சொல்லை மட்டும் மாற்றச் சொல்ல முடியும். இடக்கணக்குப் பிரச்னை வராது. முக்கியமாக, கட்டளையின் கடைசியில் '-வாட்இஃப்' என்று ஆங்கிலத்தில் சேர்த்தால், எது எதுவாக மாறும் என்று காட்டிவிட்டு, எதையும் மாற்றாமல் விட்டுவிடும். ஒத்திகை மாதிரி.

244 பக்கம் ஒரே பக்கமாகும் விபத்து

லினக்ஸ், மேக் பக்கம் போனால் கட்டளை 'எம்வி'. மூவ் என்ற சொல்லின் சுருக்கம். 1971-ல் வந்த முதல் யூனிக்ஸிலேயே இது இருந்தது. ரென் போல இது தயங்காது. அதே பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருந்தால், ஒரு வார்த்தை கேட்காமல் பழையதை அழித்துவிட்டுப் புதியதை அங்கே வைக்கும். ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது.

ஒரு உதாரணம். 301 பக்கப் புத்தகத்தை ஸ்கேன் எடுக்கிறீர்கள். முடிந்த பிறகு பார்த்தால், 57-ஆம் பக்கம் விட்டுப்போச்சு. 58-ஆம் பக்கம் 57 என்ற பெயரில் இருக்கிறது. அதற்கு அடுத்ததெல்லாம் ஒன்று குறைவு. சரி, 57-ல் இருந்து 300 வரை இருக்கும் ஃபைல்களை ஒவ்வொன்றாக ஒரு எண் தள்ளிவிடலாம் என்று ஒரு வரி எழுதுகிறீர்கள்: 57-ஐ 58 ஆக்கு, 58-ஐ 59 ஆக்கு, 59-ஐ 60 ஆக்கு...

என்ன நடக்கும்? முதல் அடியிலேயே 57 போய் 58-ன் மேல் உட்காரும். உண்மையான 58 அழிந்தது. அடுத்த அடியில், 58 என்ற பெயரில் இருக்கும் பழைய 57, போய் 59-ஐ அழிக்கும். இப்படியே ஒரே ஃபைல் வரிசை முழுவதும் நடந்துபோய், வழியில் இருப்பதையெல்லாம் அழித்து, கடைசியில் 301 என்ற பெயரில் நிற்கும். 244 ஃபைலில் மிஞ்சுவது ஒன்று. போனது 243.

தீர்வு ரொம்பச் சுலபம். கடைசியில் இருந்து தொடங்க வேண்டும். 300-ஐ 301 ஆக்கு, 299-ஐ 300 ஆக்கு... நெரிசலான பஸ்ஸில் முன்னால் நிற்பவர் நகர்ந்தால்தானே பின்னால் இருப்பவருக்கு இடம். அல்லது எல்லாவற்றையும் முதலில் ஒரு தற்காலிகப் பெயருக்கு மாற்றிவிட்டு, பிறகு சரியான எண்ணைக் கொடுக்கலாம்.

எம்வி கட்டளையோடு '-என்' சேர்த்தால், இருக்கும் ஃபைலை அழிக்காது. ஆனால் இங்கே ஒரு குழப்பம் உண்டு. லினக்ஸில் 'ரீநேம்' என்று தனிக் கட்டளையும் இருக்கிறது. அதில் '-என்' போட்டால், 'சும்மா காட்டு, மாத்தாதே' என்று அர்த்தம். எம்வி-யில் '-என்' ஒத்திகை இல்லை. பெயர் நிஜமாகவே மாறிவிடும்.

தாலி கட்டும் நொடியில் 10 படம்

ஸ்டுடியோவுக்குத் திரும்புவோம். டிஜிட்டல் கேமராக்கள் பின்பற்றும் பொது விதிப்படி, படத்தின் பெயரில் கடைசி நான்கு இடம் எண்ணுக்கு. 0001-ல் தொடங்கி 9999 வரை போகும். பிறகு மறுபடி 0001. ஒரே கம்பெனி கேமரா இரண்டு இருந்தால், இரண்டிலும் ஒரே பெயரில் வெவ்வேறு படங்கள் இருப்பது சாதாரணம். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டுவதுதான் முதல் ஆபத்து.

இதைத் தவிர்க்க, படம் எடுத்த தேதியையும் நேரத்தையும் பெயராக வைப்பார்கள். அந்த விவரம் படத்துக்குள்ளேயே 'எக்ஸிஃப்' என்ற பகுதியில் பதிவாகியிருக்கும். நல்ல யோசனைதான். ஆனால், நொடி வரைக்கும் மட்டும் பெயர் வைத்தால்? கெட்டிமேளம் கொட்டி, தாலி ஏறும் அந்த நொடியில் போட்டோகிராபர் பட்டனை விடாமல் அழுத்துவார். ஒரே நொடியில் 10 படம். பத்துக்கும் ஒரே பெயர். எம்வி-யிடம் கொடுத்தால் ஒன்பது போய்விடும். முழுக் கல்யாணத்திலும் திரும்ப எடுக்கவே முடியாத படம் எதுவோ, அதுதான் முதலில் அழியும்.

அதனால் நேரத்தோடு கேமராவின் பழைய எண்ணையும், 'ஏ', 'பி' என்று எந்தக் கேமரா என்பதையும் சேர்ப்பது நல்லது. 'எக்ஸிஃப்டூல்' என்ற இலவசக் கமாண்ட் லைன் கருவி இந்த வேலைக்கே பெயர்போனது. பெயர் மோதினால் பின்னால் ஒரு எண் சேர்க்கவும் அதில் வழி இருக்கு. இரண்டு கேமராவின் கடிகாரமும் ஒத்துப்போகுதா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வந்த படங்களுக்கு இது எடுபடாது. சாதாரணமாக அனுப்பும் படத்தில் இருந்து வாட்ஸ்அப் எக்ஸிஃப் விவரத்தை நீக்கிவிடும். பெயரில் தெரியும் தேதியை படம் எடுத்த தேதி என்று நம்ப முடியாது. டாக்குமென்ட்டாக அனுப்பச் சொன்னால் விவரம் தப்பும்.

நாமக்கல் கவிஞர் எந்த எழுத்தில் வருவார்?

பெயர் ஒரு எழுத்து மாறினால் என்ன ஆகும் என்பதைப் புரிந்துகொள்ள, நாமக்கல் மாவட்டம் மோகனூரில் 1888-ல் பிறந்த வெ. இராமலிங்கம் பிள்ளையைவிட நல்ல உதாரணம் கிடையாது. தலைமைச் செயலகத்தின் 10 மாடிக் கட்டடத்துக்கே 'நாமக்கல் கவிஞர் மாளிகை' என்று பெயர். அவருடைய நூல்கள் தமிழக அரசால் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை.

அவரை 'ராமலிங்கம்' என்றும் எழுதுவார்கள், 'இராமலிங்கம்' என்றும் எழுதுவார்கள். படிப்பவருக்கு இரண்டும் ஒன்று. கம்ப்யூட்டரில் ஒன்று 'இ' வரிசையில் நிற்கும், இன்னொன்று 'ர' வரிசையில். ஒருவருடைய நூல்கள் இரண்டு ஊரில் குடியேறிவிடும்.

நாட்டுடைமை நூல்கள் 2,000-க்கும் மேற்பட்டவற்றின் ஸ்கேன்களை தமிழ் இணையக் கல்விக்கழகம் விக்கிமூலத்துக்கு வழங்கியது. அவற்றைப் படித்து எழுத்தாக்க, த. சீனிவாசன் 'ஓசிஆர்4விக்கிசோர்ஸ்' என்ற கமாண்ட் லைன் நிரலை எழுதினார். அது ஒரு புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, கூகுளின் எழுத்துணரியிடம் கொடுத்து, கிடைத்த எழுத்தை அந்தந்தப் பக்கத்தில் சேர்க்கும். எண் ஒன்று தப்பினால், 58-ஆம் பக்கத்து எழுத்து 57-ல் போய் உட்காரும்.

விக்கிமூலத்தில் ஃபைல் பெயர் வெறும் பெயர் இல்லை. அதே பெயரில்தான் நூலின் 'அட்டவணை' உருவாகும். அதே பெயரோடு சாய்கோடும் எண்ணும் சேர்ந்ததுதான் ஒவ்வொரு 'பக்கம்'. 300 பக்க நூலின் பெயரில் ஒரு எழுத்துப்பிழை இருந்தால், திருத்த வேண்டியது ஒரு இடத்தில் இல்லை, 300 இடத்தில். இதற்காகவே 'பைவிக்கிபாட்' என்ற கருவியில், பழைய பெயர், புதிய பெயர் என ஜோடி ஜோடியாகப் பட்டியல் கொடுத்து, மொத்தமாக நகர்த்தும் வசதி வைத்திருக்கிறார்கள்.

நீளத்துக்கும் எல்லை உண்டு. விக்கியில் ஒரு தலைப்பு 255 பைட்டைத் தாண்டக் கூடாது. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் ஃபைல் அமைப்பிலும் இதே 255 தான். ஆங்கில எழுத்துக்கு 1 பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். 'நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை' என்று எழுதினாலே 104 பைட் காலி. நூலின் பெயருக்கு மிஞ்சும் இடம் கொஞ்சம்தான். விண்டோஸில் இந்தக் கணக்கு வேறு. அதனால் அங்கே சரியாக இருந்த நீளமான தமிழ்ப் பெயர், லினக்ஸ் சர்வருக்குப் போகும்போது மறுக்கப்படலாம்.

கண்ணுக்குத் தெரியாத இரண்டு கொல்லிமலை

இன்னொரு விசித்திரம். 'கொல்லிமலை' என்ற பெயரில் ஒரே ஃபோல்டரில் இரண்டு ஃபைல் இருக்க முடியும். அச்சு அசலாக ஒரே மாதிரி தெரியும்.

காரணம், யூனிகோடில் 'கொ' எழுத இரண்டு வழி இருக்கு. ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம். இல்லை, கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் வைக்கலாம். முதல் வழியில் கொல்லிமலைக்கு 9 குறிகள், இரண்டாவதில் 10. மேக் கம்ப்யூட்டர்களின் பழைய ஃபைல் அமைப்பு, பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. அங்கிருந்து பென் டிரைவில் வந்த ஃபைலை, விண்டோஸில் அடித்துத் தேடும் கட்டளை 'அப்படி ஒன்று இல்லை' என்று சொல்லக்கூடும். மோகனூரின் 'மோ'வுக்கும் இதே சிக்கல்தான்.

மொத்தமாகப் பெயர் மாற்றும் முன், எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது பாதுகாப்பு. பைத்தானில் 'யூனிகோட்டேட்டா' என்ற தொகுப்பு இதைச் செய்யும். அது வேண்டாம் என்றால், ஃபைல் பெயருக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் வைத்துவிட்டு, தமிழ்ப் பெயரைப் பட்டியலில் எழுதிவைக்கலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இந்த வழியில்தான் போகிறது. அதன் யூனிகோட் மின்னூல்களின் பெயர், சில ஆங்கில எழுத்துகளும் நான்கு இலக்க எண்ணும்தான். 0001 திருக்குறள்.

அந்த முன் பூஜ்யங்களும் சும்மா இல்லை. 1, 2, 10 என்று பெயர் வைத்தால், எழுத்து வரிசையில் 1-க்கு அடுத்து 10 வந்து, பிறகுதான் 2 வரும். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் எண்ணைப் புரிந்துகொண்டு சரியாக அடுக்கிக் காட்டும். அதனால் தவறு தெரியாது. பிடிஎஃப்-ஆகச் சேர்க்கும்போதுதான் பக்கம் குழம்பும். 001, 002, 010 என்று வைத்தால் எங்கேயும் வரிசை தப்பாது.

லாரி ஆபீஸுக்கு ஏற்ற எக்ஸெல் வழி

கட்டளைகளைப் பார்த்தாலே பயமா இருக்கா? எக்ஸெல் தெரிந்தால் போதும்.

முதலில் சிஎம்டி-யில் 'டிர்' கட்டளையோடு '/பி' சேர்த்து, ஃபோல்டரில் இருக்கும் பெயர்களை ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக எடுத்துக்கொள்ளுங்கள். அதை எக்ஸெலின் முதல் நெடுவரிசையில் ஒட்டுங்கள். இரண்டாவதில் புதிய பெயர். மூன்றாவதில், முன்னால் 'ரென்' சேர்த்து இரண்டு பெயரையும் மேற்கோள் குறிக்குள் இணைக்கும் ஒரு ஃபார்முலா. அந்த நெடுவரிசையை நோட்பேடில் ஒட்டி, கடைசியில் '.பேட்' என்று ஆங்கிலத்தில் கொடுத்துச் சேமித்து, அதே ஃபோல்டரில் வைத்து டபுள் கிளிக் செய்தால் வேலை முடிந்தது. தமிழ்ப் பெயர் இருந்தால், யூடிஎஃப்-8 வடிவில் சேமித்து, முதல் வரியில் 'சிஎச்சிபி 65001' என்ற கட்டளையைச் சேர்க்க வேண்டும்.

லாரிக்குப் பெயர் எப்படி வைக்கலாம்? காலாவதி தேதி, வண்டி எண், ஆவணம் என்ற வரிசை வசதி. தேதியை 2026-03-14 என்று ஆண்டில் தொடங்க வேண்டும். அப்போதுதான் பெயர் வரிசையே கால வரிசையாக இருக்கும். அடுத்து எஃப்சி முடியும் வண்டி, 28-ல் தொடங்கும் நாமக்கல் பதிவோ, 34-ல் தொடங்கும் திருச்செங்கோடு பதிவோ, பட்டியலின் தலையிலேயே வந்து நிற்கும். 14-03-2026 என்று எழுதினால் எல்லா மாதத்து 14-ஆம் தேதிகளும் ஒன்றாகக் கூடிவிடும்.

எக்ஸெலில் ஒரே ஒரு எச்சரிக்கை. 001 என்பதை அது 1 ஆக்கிவிடும். தேதி மாதிரி தெரிவதைத் தேதியாகவே மாற்றிவிடும். இந்தத் தொல்லை தாங்காமல், 'மார்ச்1' போன்ற மனித மரபணுக்களின் பெயரையே விஞ்ஞானிகள் மாற்றிக்கொண்டார்கள். அதுபற்றிய வழிகாட்டுதல் 2020-ல் வெளியானது. அதனால் ஒட்டுவதற்கு முன் நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள்.

என்டர் தட்டும் முன் ஐந்து விஷயங்கள்

1. பிரதி: எக்ஸ்ப்ளோரரில் கன்ட்ரோல்-இசட் போட்டால் பெயர் திரும்பும். கமாண்ட் லைனில் அந்த வசதி இல்லை. முதலில் வேறொரு டிஸ்க்கில் ஒரு காப்பி எடுங்கள்.

2. ஒத்திகை: வாட்இஃப் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால், 10 ஃபைலைத் தனி ஃபோல்டரில் வைத்து முயலுங்கள். அந்தப் பத்தில் முதல் எண், கடைசி எண், நீளமான பெயர் ஆகியவை இருக்கட்டும்.

3. மோதல்: புதிய பெயர்கள் எல்லாம் வேறு வேறா? எக்ஸெலில் 'டூப்ளிகேட்' பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

4. எண்ணிக்கை: முன்பு 4,000 இருந்தால், பிறகும் 4,000 இருக்க வேண்டும். 3,991 என்று காட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். அந்த ஒன்பதைக் கண்டுபிடிக்கும் வரை மெமரி கார்டை ஃபார்மேட் செய்யாதீர்கள்.

5. பட்டியல்: பழைய பெயர், புதிய பெயர் இருக்கும் அந்த எக்ஸெலை அழிக்காதீர்கள். நாளைக்கே பழைய பெயர் தேவைப்பட்டால், இரண்டு நெடுவரிசையையும் இடம் மாற்றி ஓட்டினால் போதும். நீங்கள் ஆபீஸில் இல்லாத நாளில், அடுத்து அந்த நாற்காலியில் உட்காருபவருக்கும் அதுதான் சாவி.